மும்பையின் காலநிலைத் திட்டத்தை உங்கள் கல்லிவரை கொண்டுவருவது எப்படி?

எங்கள் கல்லியில் (சந்தில்) தண்ணீர் தேங்குவதைப் பற்றி நான் எழுதிய முதல் மனுவில் 'பருவநிலை மாற்றம்' என்ற சொல் ஆறு இடங்களில் வந்தது. ஒரு வார்டு ஆபீஸில் அதை வாங்கிப் பார்த்தவர், "இதெல்லாம் ஹெட் ஆபீஸ் விஷயம், இங்கே பார்ப்பதில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் அதே மேஜைக்கு நாலு வரியோடு போனேன். "மளிகைக் கடை முனையில் வடிகால் போகும் கல்வெர்ட்டில் பாதிக்கு மேல் மண். கடைசியாக அள்ளியது எந்தத் தேதி?" மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தி நம்பர் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு மனுவும் ஒரே பிரச்சினைதான். மும்பையிடம் நல்ல காலநிலைத் திட்டம் இருக்கிறது. ஆனால் நாலா என்ற பெரிய வடிகால், மேன்ஹோல், கட்டட அனுமதி, மரம் வெட்டும் நோட்டீஸ், பட்ஜெட் தலைப்பு என்ற வடிவத்தில்தான் அது நம் பக்கம் வரும். அந்தப் பெயர்களில் கேட்டால்தான் கிடைக்கும். தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், செம்பூர், குர்லா என்று வரிசை ரூம்களாக இருக்கும் சாலிலும், பத்ரா என்ற தகரக் கூரை வீட்டிலும், குடிசைக்கு மாற்றாகக் கட்டித்தரும் எஸ்.ஆர்.ஏ. கட்டடத்திலும், அடுக்குமாடி சொசைட்டியிலும் இருக்கும் நம்மவர்களுக்காக, எதை எங்கே எப்படிக் கேட்பது என்று வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நீங்கள் நிற்கும் நிலம் யாருடையது?

இது தெரியாமல் மனு எழுதினால் ஒவ்வொரு ஆபீஸும் அடுத்த ஆபீஸைக் கைகாட்டும். மும்பை மாநகராட்சி நிர்வாகத்துக்காக இருபத்துச் சொச்சம் வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தாராவி ஜி வடக்கு, மாட்டுங்காவும் சயானும் ஆண்டாப்ஹில்லும் எஃப் வடக்கு, குர்லா எல், செம்பூர் எம் மேற்கு. கார்ப்பரேட்டர் என்ற மாமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் 227 தேர்தல் வார்டுகள் வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வார்டு தெரிந்தால் மட்டும் போதாது. மாநகராட்சி எல்லைக்குள்ளேயே ரயில்வே நிலம், துறைமுக நிலம், கலெக்டர் நிலம், மாநில வீட்டுவசதி அமைப்பான மாடாவின் லேஅவுட், மத்திய அரசின் உப்பள நிலம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. குடிசைப் பகுதித் திட்டமென்றால் குடிசை மறுவாழ்வு ஆணையம், அதாவது எஸ்.ஆர்.ஏ. தாராவிக்கென்று தனித் திட்ட ஆணையமே இருக்கிறது. பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ.வின் கையில். ஒரே நாலா தண்டவாளத்துக்கு அடியில் போகும் இடத்தில் ரயில்வேயுடையது, வெளியே வந்ததும் மாநகராட்சியுடையது. மழைக்காலத்தில் அடைப்பு எங்கே விழும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அந்தச் சேருமிடத்தில்தான்.

வீட்டின் சி.டி.எஸ். நம்பரை, அதாவது நகர நில அளவை எண்ணைக் கண்டுபிடியுங்கள். சொசைட்டி என்றால் செயலாளரிடம் ப்ராப்பர்ட்டி கார்டு இருக்கும். குடிசை என்றால் எஸ்.ஆர்.ஏ. சர்வே எடுத்தபோது ஒட்டிய நம்பரிலிருந்து தொடங்கலாம். சி.டி.எஸ். நம்பர் இருந்தால் மாநகராட்சியிடம் கட்டணம் கட்டி 'டி.பி. ரிமார்க்ஸ்' வாங்கலாம். 2034 வளர்ச்சித் திட்டத்தில் அந்த மனை எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் சாலை வருகிறதா, விளையாட்டு மைதானம் என்று குறித்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் வரும். எதிர்வீட்டுக்காரர் இத்தனை வருஷமாக வண்டி நிறுத்தும் இடம் காகிதத்தில் பூங்கா என்று தெரியவரும்போது சிலருக்குத் தலை சுற்றும்.

படி 2: திட்டத்தில் எதைப் படிப்பது, எதைத் தாண்டுவது

2022 மார்ச் 13 அன்று மும்பை காலநிலைச் செயல்திட்டம் வெளியானது. கழிவு மேலாண்மை, பசுமையும் பல்லுயிரும், நகர வெள்ளமும் நீர்வளமும், எரிசக்தியும் கட்டடங்களும், காற்றுத் தரம், போக்குவரத்து என்று ஆறு பிரிவுகள். 2019-இல் நகரம் வெளியிட்ட பசுங்குடில் வாயு 2.34 கோடி டன் என்று கணக்கிட்டு, அதை 2030-க்குள் 30 சதவீதம், 2040-க்குள் 44 சதவீதம் குறைத்து, 2050-இல் நிகரப் பூஜ்ஜியத்தை எட்டுவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த வெளியேற்றத்தில் ஏறக்குறைய 72 சதவீதம் கட்டடங்களுக்கும் தொழில்களுக்கும் ஆகும் எரிசக்தியிலிருந்து வருகிறது. போக்குவரத்தின் பங்கு 20 சதவீதம், குப்பையின் பங்கு 8. தகரக் கூரைக்கடியில் ஒரு ஃபேனும் ஒரு டியூப் லைட்டும் வைத்திருக்கிற குடும்பத்திடம் 'கார்பனைக் குறையுங்கள்' என்று பாடம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குறைக்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கல்லிக்கு வேண்டியது தாங்கும் வழி. ஆகவே வெள்ளம், வெப்பம், பசுமை ஆகிய மூன்றைப் பற்றிய பகுதிகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் வெள்ளம் தேங்கும் இடங்களிலிருந்து 250 மீட்டருக்குள் வாழ்கிறார்கள் என்று திட்டத்தின் பாதிப்பு ஆய்வே சொல்கிறது. உங்கள் பிரச்சினையைச் சொல்லும் ஒரு வாக்கியத்தைத் தேடி, பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். ஒரு வாக்கியம் போதும், அது ஐந்தாவது படியில் வேலை செய்யும்.

கூடவே வைத்துக்கொள்ள வேண்டியது டி.சி.பி.ஆர். 2034 என்று எல்லோரும் சொல்லும் கட்டட விதிகள். காலநிலைத் திட்டம் ஒரு கொள்கை அறிக்கை, அதைக் காட்டி யாரையும் கோர்ட்டுக்கு இழுப்பது கடினம். டி.சி.பி.ஆர். சட்டப்படியான விதி. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டினால் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பது அதில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லும் இடத்தில் டி.சி.பி.ஆரைக் காட்டிப் பேசுங்கள்.

படி 3: அளந்து எழுதுங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் வருஷா வருஷம் ஆற்றையே வீட்டுக்குள் வாங்குகிறோம், அளந்ததுதான் இல்லை. "முழங்கால் அளவு தண்ணீர் சார்" என்று சொல்லி எந்த ஆபீஸிலும் எதுவும் நடக்காது. எந்த முழங்கால், எத்தனை மணிக்கு?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். பத்துக்குப் பத்து அடி ரூமின் கூரை 9.3 சதுர மீட்டர். அதன் மேல் 100 மில்லிமீட்டர் பெய்தால் 930 லிட்டர், வாசலில் நிற்கும் 200 லிட்டர் நீல டிரம்மில் நாலரை டிரம். முப்பது ரூம் உள்ள கல்லியில் கூரைத் தண்ணீர் மட்டும் 28,000 லிட்டர், அதாவது பெரிய டேங்கர் மூன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அந்தக் கணக்கில் ஒரு ரூமுக்கு 44 டிரம் வரும். அன்றைக்குப் பிழைத்தவர்கள் இன்னும் அந்தத் தேதியைப் பிறந்தநாள் மாதிரி சொல்வார்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். கல்லியில் அசையாத ஒரு சுவரிலோ விளக்குக் கம்பத்திலோ ஆயில் பெயிண்டால் தரையிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் ஏறும் ஒவ்வொரு நாளும் நாலு விஷயம் எழுத வேண்டும்: ஏறத் தொடங்கிய நேரம், எந்தக் கோடுவரை வந்தது, எப்போது வடிந்தது, அன்றைக்குக் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு. கூடவே மாநகராட்சியின் உதவி எண்ணான 1916-க்குப் போன் செய்து வாங்கிய புகார் நம்பர். போட்டோ எடுத்தால் கோடு தெரியும்படி எடுங்கள். முழங்கால் தண்ணீரில் சிரித்துக்கொண்டு நிற்கும் பையன் படம் குடும்ப வாட்ஸப்புக்கு நல்லது, மனுவுக்கு உதவாது.

கடல் ஏற்றம் எதற்கு என்றால், மும்பையின் வடிகால்கள் பெரும்பாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடிக் கடலில் விழுபவை. 186 வாய்கள் கடலிலும் கழிமுகத்திலும் திறக்கின்றன. ஏற்றம் உயரும்போது கடல் தண்ணீர் அந்த வாயை அடைத்துக்கொள்ளும். நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றம் வரும் நாள்களின் பட்டியலை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மாநகராட்சி வெளியிடுகிறது, பேப்பரிலும் வரும். அதை வெட்டி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இரண்டு மாதம் எழுதினால் உங்கள் கல்லியின் நோய் என்னவென்று நோட்டே சொல்லிவிடும். ஏற்றமும் இல்லை, மழையும் சுமார்தான், ஆனாலும் தண்ணீர் நிற்கிறது என்றால் அடைப்பு. தூர் வாரினால் தீரும், வார்டு அளவிலேயே முடியும் வேலை. ஏற்ற நேரத்தில் மட்டும் நின்று, ஏற்றம் இறங்கியதும் வடிகிறது என்றால் அது வாய்க்கதவும் பம்ப்பும் வேண்டிய இடம். கோடிக்கணக்கில் செலவாகும், வருஷங்கள் பிடிக்கும். ஏற்றம் இல்லாமலே, மணிக்கு 50 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய நாளில் மட்டும் நிற்கிறது என்றால் குழாயின் கொள்ளளவே அவ்வளவுதான். பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டருக்குக் கட்டியவை. பிரிம்ஸ்டோவாட் என்ற திட்டம் அதை 50 ஆக்கக் கிளம்பியது. ஹாஜி அலி, லவ் குரோவ், கிளீவ்லண்ட் பந்தர், பிரிட்டானியா, இர்லா, கஜ்தர்பந்த் என்று ஆறு பம்ப் நிலையங்கள் வந்தன. மாகுலும் மோக்ராவும் இழுத்துக்கொண்டே போயின.

தாதர் ஹிந்த்மாதா கதையைப் பாருங்கள். தட்டு மாதிரிப் பள்ளமான இடம், எத்தனை தூர் வாரினாலும் நின்றது. கடைசியில் பக்கத்து மைதானங்களுக்கு அடியில் பெரிய தொட்டிகள் கட்டி, மழை உச்சத்தில் இருக்கும்போது தண்ணீரை அதில் பிடித்துவைத்து, ஏற்றம் இறங்கியதும் வெளியே விடுகிறார்கள். நோய் அடைப்பு இல்லை, பள்ளம் என்று ஒப்புக்கொண்ட பிறகு வந்த மருந்து அது.

வெப்பத்துக்கும் நோட்டில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். வானிலைத் துறை கடலோர ஊர்களில் வெப்ப அலை என்று அறிவிக்க, அதிகபட்ச வெப்பம் 37 டிகிரியாவது தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். அந்த அளவு எடுக்கப்படுவது கொலாபாவிலும் சாந்தாகுரூஸிலும், நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள். தாராவியில் இட்லி ஊற்றும் வீடுகளில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் காலைவரை ஆவி. அதன் மேல் பத்ரா, பத்ராவின் மேல் வெயில். அந்த ரூமின் சூடு எந்த அறிக்கையிலும் இல்லை. ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆள் படுக்கும் உயரத்தில் மாட்டி, மதியம் 3 மணிக்கும் இரவு 10 மணிக்கும் எழுதுங்கள். இரவுக் கணக்குதான் முக்கியம். பகலில் வெளியே போய் மரத்தடியில் நிற்கலாம், ராத்திரி எங்கே போவது? ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், இந்த மூன்று மாதங்கள் எழுதினால் போதும்.

படி 4: எந்தக் கதவைத் தட்டுவது

வார்டு ஆபீஸின் தலைவர் உதவி ஆணையர், நாம் வார்டு ஆபீஸர் என்போம். கல்லிக்குள் ஓடும் சின்னக் கால்வாய், நடைபாதை, கல்வெர்ட்டு எல்லாம் மெயின்டெனன்ஸ் பிரிவு. பெரிய நாலாவும் மித்தி ஆறும் மழைநீர் வடிகால் துறை. குப்பை எஸ்.டபிள்யூ.எம்., மரமும் பூங்காவும் கார்டன் துறை. கட்டட விதிமீறலுக்குப் பில்டிங் அண்ட் ஃபேக்டரி பிரிவு. 'காலநிலை' என்று போர்டு போட்ட கதவு வார்டில் இருக்காது. சுற்றுச்சூழல் மற்றும் காலநிலைத் துறை தலைமையகத்தோடு சேர்ந்தது. அங்கே ஒரு நகல் அனுப்புங்கள், வேலை கேட்பது வார்டில்.

எப்போது தட்டுவது என்பதும் அதே அளவு முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில் வருகிறது. 2025-26-இல் அது 74,000 கோடி ரூபாய்க்கும் மேல், சில சின்ன மாநிலங்களின் பட்ஜெட்டைவிடப் பெரிசு. நாம் ஜூலையில் தண்ணீரில் நின்றுகொண்டு கல்வெர்ட்டை அகலமாக்கச் சொல்கிறோம். அந்தப் பணம் போன பிப்ரவரியிலேயே பங்கு போய்விட்டது. புதிதாகக் கட்ட வேண்டிய எதையும் அக்டோபர், நவம்பரில் கேளுங்கள். அண்மை ஆண்டுகளில் பட்ஜெட்டுக்கு முன் பொதுமக்களிடம் யோசனையும் கேட்கிறார்கள், அதற்கும் ஒரு நகல் போகட்டும். தூர் வாருவது வேறு கணக்கு. பெரும்பகுதியை மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் மார்ச்சிலேயே உங்கள் நாலா பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

2024 ஜூனில் மாநகராட்சி முதன்முறையாகக் 'காலநிலை பட்ஜெட்' அறிக்கை ஒன்றையும் வெளியிட்டது. ஆஸ்லோ நகரம் தொடங்கிவைத்த முறை இது: எந்தச் செலவு காலநிலைத் திட்டத்தின் எந்தப் பிரிவுக்கு உதவுகிறது என்று பிரித்துக் காட்டுவது. புதிய பணம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஏற்கெனவே ஒதுக்கியதற்கு வண்ணம் அடித்துக் காட்டுவதுதான் பெரும்பகுதி. ஆனாலும் உபயோகம் உண்டு. நீங்கள் கேட்கும் வேலை எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று அதைப் பார்த்துக் குறிப்பிட்டால், "இதற்கு ஃபண்டு கிடையாது" என்று சட்டென்று சொல்ல முடியாது.

கார்ப்பரேட்டர்? 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்தபின் ஏறக்குறைய நான்கு வருஷம் அதிகாரிகளே ஆண்டார்கள். 2026 ஜனவரியில் தேர்தல் நடந்த பிறகு மறுபடியும் கேட்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். கல்லிக்குள் டைல்ஸ் பதிக்கத்தான் முதலில் ஆசைப்படுவார்கள், போர்டு வைக்கலாம் அல்லவா. அந்த டைல்ஸுக்கு முன்னால் அடியில் உள்ள குழாயைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே புதிது பதித்து, கல்லி உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமான கதை எல்லோருக்கும் தெரியும்.

படி 5: மனுவை எழுதுவது

மாநகராட்சியின் அலுவல் மொழி மராத்தி. வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அதனிடமே எழுதச் சொல்லுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தாலும் மராத்தி பாடம் உண்டு. நம் பெரியவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல ஒரு சிறுமி மராத்தியில் எழுதியதுதான் எங்கள் கல்லியின் நல்ல மனு. முதலில் தமிழில் இப்படித் தயார் செய்துகொள்ளுங்கள்:

"ஐயா, எங்கள் கல்லியில் 42 வீடுகள். போன மழைக்காலத்தில் 11 நாள் தண்ணீர் ஏறியது. அதில் 8 நாள் கடல் ஏற்றம் இல்லாத நேரம் (தேதி, நேரம், உயரம், 1916 புகார் நம்பர் பட்டியல் இணைப்பு 1). முனையிலுள்ள கல்வெர்ட்டு அடைபட்டிருப்பதைப் படத்தில் காணலாம் (இணைப்பு 2). மும்பை காலநிலைச் செயல்திட்டத்தின் இன்ன பக்கத்தில் இன்ன வாக்கியம் உள்ளது. ஆகவே: 1. மே 15-க்குள் கல்வெர்ட்டைத் தூர் வார வேண்டும். 2. அள்ளிய சேற்றைக் கரையில் விடாமல் எடுத்துச் செல்ல வேண்டும். 3. அடுத்த பட்ஜெட்டில் கல்வெர்ட்டை அகலப்படுத்த மதிப்பீடு தயாரிக்க வேண்டும்."

அவ்வளவுதான். காலநிலை ஒரு வரி, அதுவும் அவர்களுடைய வாக்கியம். எண்கள் உங்களுடையவை. கோரிக்கை மூன்றைத் தாண்ட வேண்டாம், தேதி இல்லாத கோரிக்கை வேண்டாம். இரண்டாவது கோரிக்கையை லேசாக நினைக்காதீர்கள். கரையில் காயப்போட்ட சேறு முதல் மழையில் திரும்ப நாலாவுக்கே போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் இன்வர்டு நம்பரும் வாங்காமல் நகராதீர்கள்.

பதில் வரவில்லையென்றால் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய், 30 நாள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்றின் நகல் வைத்தால் போதும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். அதற்கு ஆர்.டி.ஐ.யில் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: ஒர்க் ஆர்டரின் நகல், அள்ளிய சேற்றின் எடைச் சீட்டு, வண்டி நம்பரோடு லாக் ஷீட். தூர் வாருவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று மாநகராட்சியே கான்ட்ராக்டர்களுக்கு விதி வைத்திருக்கிறது, அந்த வீடியோவையும் கேளுங்கள். நாங்கள் கேட்ட மூன்றாவது வாரத்தில், பதில் வருவதற்கு முன்னால் ஜே.சி.பி. வந்தது. காகிதப் பதில் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதாக இருந்தது!

வெயிலுக்கு என்ன கேட்பது

வெள்ளத்துக்கு ஒரு துறை இருப்பதுபோல வெப்பத்துக்குத் தனியாக ஒரு துறை இல்லை. அதனால் இங்கே கேட்பதும் செய்வதும் கலந்தே நடக்க வேண்டியிருக்கிறது. மலிவான வழி கூரையை வெள்ளையாக்குவது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே இறங்கும் சூடு குறைகிறது. ஆமதாபாத் 2013-இல் தொடங்கிய வெப்பச் செயல்திட்டம் பிறகு இதைக் குடிசைகளுக்கும் கொண்டுபோனது. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. உங்கள் மனுவில் இந்த இரண்டையும் சொல்லலாம். 'மற்ற ஊர் செய்துவிட்டது' என்பது மும்பை அதிகாரிகளைக் கொஞ்சம் உறுத்தும்.

சொந்தமாக அடிப்பதென்றால் பிப்ரவரி, மார்ச்சில் அடியுங்கள். வெறும் சுண்ணாம்பு மலிவு, ஆனால் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் ஒரு மழைக்காலத்தோடு கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுரண்டவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைத்து அதன் மேலேயே பூசுங்கள். கூரை தாங்குமா என்று பார்த்து, பலகை போட்டு நடங்கள்.

மரத்துக்குக் கல்லியில் இடம் ஏது என்பீர்கள். தாராவிக்கு எதிரே, மித்தி கரையில் 37 ஏக்கரில் இருக்கும் மாஹிம் இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடு. ஆகவே இடம் இல்லை என்று சொல்வதற்கு முன் டி.பி. ரிமார்க்ஸை ஒருமுறை பாருங்கள். இருக்கும் மரத்தைக் காப்பது அதைவிடச் சுலபம். மாநில மரப் பாதுகாப்புச் சட்டம் 1975-லிருந்து இருக்கிறது, 2021 திருத்தத்துக்குப் பின் 50 வயது தாண்டிய மரங்கள் 'பாரம்பரிய மரம்' என்ற தகுதி பெறுகின்றன. மரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் அன்றே படம் எடுத்து ஆட்சேபம் எழுதுங்கள், நாள் குறைவாகத்தான் தருவார்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் போட்டிருந்தால் கார்டன் துறையிடம் எடுக்கச் சொல்லலாம்.

படி 6: ஆட்சேபமும் ரீடெவலப்மென்ட்டும்

வளர்ச்சித் திட்டம் ஒருமுறை வந்தால் கல்வெட்டு என்று நினைக்க வேண்டாம். 1966-ஆம் வருஷத்து எம்.ஆர்.டி.பி. என்ற மாநில நகரத் திட்டமிடல் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி அதில் அவ்வப்போது மாற்றம் செய்கிறார்கள். பூங்கா என்று ஒதுக்கியதை வேறொன்றாக மாற்ற வேண்டுமானால் அறிவிப்பு கொடுத்து ஒரு மாதம் ஆட்சேபம் கேட்க வேண்டும். அறிவிப்பு பேப்பரில் ஒரு மூலையில் வரும். வாரம் ஒருவர் என்று முறைவைத்து மராத்திப் பேப்பரைப் பாருங்கள். ஐம்பது பேர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைவிட ஐம்பது தனிக் கடிதம் நல்லது. ஒவ்வொருவரும் தனியாக விசாரணைக்கு அழைக்கப்படலாம். இது வீண்வேலை இல்லை. 2015-இல் வந்த வரைவு வளர்ச்சித் திட்டத்தில் அத்தனை பிழை, அத்தனை ஆட்சேபம். அரசே அதைத் தள்ளிவிட்டுத் திருத்தி எழுதச் சொன்னது. அதற்குப் பின் வந்ததுதான் இன்றைய 2034 திட்டம்.

உங்கள் கட்டடமோ குடிசையோ ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறதா? அப்படியானால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது பெரிய வாய்ப்பு. எஸ்.ஆர்.ஏ.வில் 300 சதுர அடி, தாராவியில் 350 சதுர அடி என்ற பேச்சிலேயே எல்லோர் கவனமும் நிற்கிறது. நியாயம்தான், இத்தனை வருஷக் காத்திருப்பு. ஆனால் மான்கூர்ட், கோவண்டிப் பக்கத்து மறுவாழ்வுக் கட்டடங்களுக்கு ஒருமுறை போய் வாருங்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே சந்து, கீழ் மாடிகளில் பட்டப்பகலில் லைட், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சமையல். நூறு சதுர அடி கூடக் கிடைத்தாலும் காற்று வராத வீடு வீடா?

பிளான் பாஸாகும் முன், கூட்டத்தில் எழுந்து இவற்றைக் கேளுங்கள். எதிரெதிர் ஜன்னல் உண்டா? இரண்டு கட்டடத்துக்கும் இடையே எத்தனை மீட்டர்? தரைத்தளம் நம் நோட்டில் உள்ள உச்சக் கோட்டுக்கு மேலே வருகிறதா? மீட்டர் ரூமும் லிஃப்ட் மோட்டாரும் தண்ணீர்ப் பம்ப்பும் அந்தக் கோட்டுக்கு மேலேயா, பள்ளத்திலா? முற்றம் முழுக்கக் கான்கிரீட்டா, தண்ணீர் இறங்க மண் இருக்குமா? பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ப்ரோஷரில் இருக்கும் மரத்தை யாரும் நட மாட்டார்கள்.

ஏற்கெனவே சொசைட்டியாக இருந்தால் மொட்டைமாடி இருக்கிறது. பொது விளக்கு, லிஃப்ட், பம்ப் செலவுக்குச் சோலார் போட்டால் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். மழைநீர்த் தொட்டி ஏற்கெனவே இருக்கும், ஆக்குபேஷன் சர்டிஃபிகேட்டுக்காகக் கட்டியிருப்பார்கள். திறந்து பாருங்கள், பெரும்பாலும் அதில் பழைய கதவும் சைக்கிளும் கிடக்கும்.

படி 7: தண்ணீர் ஏறிய அன்று

திட்டம் எதுவும் அன்றைக்கு உதவாது. ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுக் காகிதம், எஸ்.ஆர்.ஏ. சர்வே சீட்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரில் மாளா என்ற பரணின் மேல். முதலில் மெயின் சுவிட்ச். தண்ணீர் வடியட்டும் என்று யாரும் மேன்ஹோலைத் திறக்க வேண்டாம். 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில் ஒரு மருத்துவர் திறந்த மேன்ஹோலில் விழுந்துதான் இறந்தார். காலில் காயத்தோடு வெள்ளத்தில் நடந்திருந்தால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் மாநகராட்சி மருந்தகத்தில் சொல்லி மாத்திரை கேளுங்கள். அப்புறம் 1916. ஒரே கல்லியிலிருந்து பத்துப் பேர் தனித்தனியாகக் கூப்பிடுங்கள், பத்துப் புகார் நம்பரும் நோட்டில் ஏறட்டும்.

நோட்டை மட்டும் மாளாவில் வைக்காதீர்கள். யார் வீடு கல்லியிலேயே மேடோ அங்கே இருக்கட்டும். எங்களுடையது மாவு மில் அக்காவிடம் இருக்கிறது, மூன்றாவது நோட்டு.